ஒரு டிக் மாற்றுகிற வேலை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, அக்கா. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விஷயமோ கம்ப்யூட்டர் விஷயம். ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்தால் பழி வேறு யார் மேலாவது போய்விடும். ஆனாலும் திருநெல்வேலி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வர என்னால் முடியாது. நீங்களும் கேட்கிற முகமாக இருக்கிறீர்கள். அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கால் நீட்டிக்கொள்கிறேன். ஆமாம், உங்களுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களா? இல்லையா? சரி, விடுங்கள். தொழில் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

ராஜபாளையத்தில் கல்யாணத் தகவல் மையம் வைத்திருக்கிறேன். சண்முகவடிவு என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். வரன் தேடிக் கொடுப்பது யாரும் செய்யலாம். விசாரிப்பதுதான் என் தொழில். பையன் இன்ஜினியர் என்றால் நான் நம்பமாட்டேன். அவன் டீ குடிக்கிற கடையில் போய் நானும் ஒரு டீ குடிப்பேன். பெண்ணுக்குக் கோபமே வராது என்றால் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பேன். ஒரு கண் எங்கே போகிறது, ஒரு குரல் எதற்காகக் குழைகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். என்னை ஏமாற்ற முடியாது. ஒருமுறை பாருங்கள், போட்டோவில் தம்பியைக் காட்டி அண்ணனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். காது மடலைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

என் மகள் ஜோதிமீனா. மீனா என்போம். ஆடிட்டர் ஆபீசில் வேலை. சனி, ஞாயிறு லீவு. முன்பெல்லாம் ஒவ்வொரு வரனுக்கும் விவரத்தை நானே கையால் எழுதிக் கொடுப்பேன். அவள் பார்த்துப் பார்த்து, எல்லா வரனையும் எக்ஸெல்லில் ஏற்றி, அதில் ஒரு பச்சைப் பட்டன் வைத்துக் கொடுத்தாள். மேக்ரோ என்று பெயர். பையன் பெயர் மேல் அம்புக்குறியை வைத்துப் பட்டனை அழுத்தினால் போதும், வேர்டு தானாகத் திறக்கும். போட்டோ, நட்சத்திரம், படிப்பு, எல்லாம் அழகாக ஒரே தாளில் வந்து உட்காரும். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். நானே அழுத்துவேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

சங்கரன்கோவிலிலும் நமக்கு ஒரு கிளை உண்டு. பூரணம் என்று ஒரு அம்மாள் பார்த்துக்கொள்கிறாள். சொந்தமில்லை, வாய்முறைக்கு மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் மகன் கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறான். கிளை அந்தக் கடைக்குள்ளேயே ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர். பச்சைப் பட்டன் ஃபைலை அங்கேயும் கொடுத்தால் வேலை சுலபமாகும் என்று மீனாதான் சொன்னாள். கொடுத்தோம்.

கொடுத்த அன்றே போன். நாயகம்தான்.

"ஆன்ட்டி, பட்டனை அமுக்குனா வேர்டு வரலை. ஒரு பெட்டி வருது."

"என்ன பெட்டி?"

"புராஜெக்டோ லைப்ரரியோ காணோம்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற பட்டன் அவன் கடைக்குப் போனதும் ஏன் காணோம் என்கிறது? எடுத்தது யார்?

இதே சமயத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சேத்தூரில் ஒரு பெண் வீட்டார். நம்மிடம் பதிந்தவர்கள். பெண்ணின் அப்பா போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். வேறு ஏதோ மையத்திலிருந்து அவர் மகளைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். "உங்கள நம்பித்தானம்மா போட்டோ குடுத்தோம்" என்றார். அக்கா, இந்தத் தொழிலில் அந்த ஒரு வார்த்தை போதும், கடையை மூடிவிடலாம். பெண்ணைப் பெற்றவர்கள் போட்டோவைக் கொடுக்கவில்லை, நெஞ்சைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். அது கண்டவன் போனில் சுற்றினால் நான் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்? பிறகு, அந்தப் பெண்ணின் அண்ணனே இன்னொரு இடத்தில் பதிந்து வைத்திருந்தானாம். அப்படித்தான் சொன்னார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். நான் நம்பவில்லை. பெட்டி வந்ததும் போட்டோ போனதும் ஒரே வாரம். அது எப்படி?

மீனாவைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் போனேன். அவள் உட்கார்ந்து என்னவோ திறந்தாள். வரி வரியாக எழுத்து. அதில் ஒரு வார்த்தையை மட்டும் நீலம் பூசிக் காட்டியது.

"இதுதான் கெட்டுப் போச்சா?" என்றேன்.

"இல்லம்மா. இது சும்மா தேதி கேக்குற வார்த்தை. இது மேல தப்பே இல்ல. ஓட்டை வேற எடத்துல இருக்கு. அது தெரியாம இதைப் புடிச்சுக் காட்டுது."

பார்த்தீர்களா, அக்கா? கம்ப்யூட்டருக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. நிரபராதியைப் பிடித்து நிறுத்துகிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. விசாரிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் இப்படித்தான்.

பிறகு மீனா ஒரு பட்டியலைத் திறந்து ஒரு டிக்கை எடுத்தாள், இன்னொன்றில் டிக் போட்டாள். பட்டனை அழுத்தினாள். வேர்டு வந்துவிட்டது. அவ்வளவுதான். நாயகம் பின்னால் நின்று, "அடேயப்பா" என்றான். அந்த அடேயப்பாவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு டிக்குக்கு எதற்கு இவ்வளவு பெரிய அடேயப்பா?

அடுத்த சனிக்கிழமை புது வரன்களைச் சேர்த்து ஃபைலை அனுப்பினோம். மறுபடியும் அதே பெட்டி.

அன்று சாயங்காலம் வீட்டில் மீனாவை உட்கார வைத்துக் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லு, மறைக்காதே என்றேன்.

"அம்மா, நீ பொறந்தப்பவே பம்பாய் மாமா மகன்தான் மாப்பிள்ளைன்னு பேசி வச்சாங்கல்ல?"

"என் கதையை எதுக்குடி இழுக்குற?"

"கேளேன். அது ஏர்லி பைண்டிங். பேர், ஊரு, வீடு எல்லாம் முன்னாடியே எழுதிப் பூட்டியாச்சு. நான் எழுதுன மேக்ரோவும் அப்படித்தான். எனக்கு இந்த நம்பர் வேர்டுதான் வேணும்னு பூட்டியிருக்கேன். நம்ம வீட்டு மெஷின்ல இருக்கறது பதினாறாம் நம்பர். அவங்க மெஷின்ல பழசு, பதினாலு. போய்ப் பாக்குது, பதினாறைக் காணோம். அப்படியே நின்னுருது."

"பதினாலுன்னு எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"அதுதான் அந்த டிக். ஆனா ஒவ்வொரு வாரமும் இங்க தெறந்து சேமிச்ச உடனே அது மறுபடியும் பதினாறுக்கு மாறிக்கிடும். அதுக்குத்தான் லேட் பைண்டிங்னு ஒண்ணு இருக்கு. முன்னாடியே யாரையும் பூட்டாது. பட்டனை அமுக்குற நேரத்துல, இந்த வீட்டுல வேர்டுன்னு யாரு இருக்கீங்க, வாங்கன்னு கூப்பிடும். பதினாலோ பதினாறோ, இருக்கறவங்க வருவாங்க. அடுத்தவங்களுக்குக் குடுக்குற ஃபைலை அப்படித்தான் எழுதணும். ஒண்ணு ரெண்டு வரி மாத்துனாப் போதும்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இருக்கறவங்க வருவாங்களா? யாரு என்னன்னு விசாரிக்க வேண்டாமா? வேர்டுன்னு பேர் இருந்தாப் போதுமா? இதுதான் உங்க படிப்பா?"

"பூட்டி எழுதுறதுலயும் நல்லது இருக்கும்மா. எழுதும்போதே தப்பைக் காட்டிக் குடுத்துரும். லேட்டுல அந்த வசதி இல்ல. ஓட்டிப் பாக்குறப்பதான் தெரியும்."

"பாத்தியா! நீயே சொல்லிட்ட."

"ஆனா அந்த மாமா மகன் பம்பாய்லயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டாரு. நீ இருபத்தேழு வயசு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்த. அப்புறம் அப்பா வந்தாரு. அப்பா நல்லாத்தானே இருக்காரு?"

அது வேறு விஷயம், அக்கா. ஆமாம், என் வீட்டுக்காரர் தங்கமானவர். மில்லில் இருந்தார். ஒரு நாள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அது நேர்ந்தது. நேர்ந்ததை எல்லாம் முறை என்று சொல்ல முடியுமா? நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். என் ஃபைலில் அந்த லேட்டு வேண்டாம். பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும். கண்ட வீட்டில் கண்டவனைக் கூப்பிடுகிற எழுத்து என் மையத்துக்கு ஆகாது.

"அப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது சங்கரன்கோவில் போயி டிக்கை மாத்தணுமே" என்றாள்.

"நீயே போ. போன்ல சொல்லாத. அவனுக்குக் கத்துக் குடுக்காத. வழி தெரிஞ்சா முழு ஃபைலையும் எடுத்துருவான்."

நான் அவள் முரண்டு பிடிப்பாள் என்று பார்த்தேன். லீவு நாளில் யார் போவார்கள்? ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, நீ சொன்னாச் சரி" என்றாள். அந்த மாதிரிப் பிள்ளையைப் பார்க்க முடியாது, அக்கா. மாப்பிள்ளை விஷயத்தில்தான் முரண்டு. மூன்று வரன் கொண்டுவந்தேன். ஒருத்தன் வேலை சரியில்லையாம், ஒருத்தன் நிறைய பேசுகிறானாம், ஒருத்தன் பேசவே இல்லையாம். ஆனால் டிக் போடப் போ என்றால் காலையில் குளித்துப் பூ வைத்துக் கிளம்பிவிடுகிறாள். தொழிலில் அவ்வளவு பொறுப்பு.

ஒரு டிக் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அது சாமானிய வேலை இல்லை. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். நடுவில் நான் போன் போட்டால், "இன்னும் முடியலம்மா, வேர்டு ஹேங் ஆகி நின்னுருச்சு" என்பாள். பாவம், சாப்பாடு கூட அங்கேயேதான். பூரணம் மதினி ஒரு நாள் அவியல், ஒரு நாள் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு என்று செய்து போடுகிறாள். அதுவும் எனக்கு உறுத்தல்தான். இத்தனை நாள் நான் போனபோது ஒரு காப்பியோடு அனுப்பினவள்தானே மதினி? என் மகளுக்கு ஏன் இலை போடுகிறாள்? வாயைக் கிளறத்தான். ஃபைலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கத்தான்.

நாயகத்தின் மேல் என் சந்தேகம் இன்னும் பலமானது எப்படி என்று கேளுங்கள். பிரிண்டர் பழுது பார்க்க ஒரு ஆள் எங்கள் மையத்துக்கு வந்திருந்தார். அவரிடம் லேசாகக் கேட்டேன். "இது ஒரு பிரச்சினையாம்மா? ஒண்ணு மேக்ரோவுல அந்த வரியை மாத்துங்க. இல்லேன்னா அந்தக் கடையில புது எம்.எஸ். ஆபீஸ் போடச் சொல்லுங்க. அவர் கடையில மத்த ரெண்டு மெஷின்லயும் பதினாறுதான் இருக்கு, நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றார்.

எப்படி இருக்கிறது! மற்ற இரண்டிலும் புதுசு. நம் ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் பழசு!

அன்று சனிக்கிழமை, மீனா அங்கேதான் இருந்தாள். உடனே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

"ஏம்பா நாயகம், நம்ம மெஷின்லயும் புதுசு போட்டா என்ன?"

அவன் மீனாவைப் பார்த்தான். மீனா கீபோர்டைப் பார்த்தாள்.

"பழசே போதும் அத்தை" என்றான்.

"மத்த ரெண்டுலயும் புதுசு இருக்காமே. அதுல போட்டுக்கிட்டா மீனா இவ்வளவு தூரம் வர வேண்டாமே?"

"அது கஸ்டமர் வந்து உக்கார்ற மெஷின் அத்தை. உங்க ஃபைலு பத்திரமா இருக்கணும்ல?"

என் வாயை என் வார்த்தையாலேயே அடைத்துவிட்டான். கெட்டிக்காரன். இன்னொன்றைக் கவனித்தீர்களா? முதலில் ஆன்ட்டி, இப்போது அத்தை. எப்போது மாறினான் என்றே எனக்குத் தெரியவில்லை. காரியம் ஆக வேண்டியவர்கள்தான் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். இந்தக் குழைவு எல்லாம் எனக்குத் தெரியாதா?

நான் விடவில்லை. விசாரணை என் தொழில். அவன் டீ குடிக்கிற கடையில் போய் டீ குடித்தேன். நல்ல பையன் என்றார்கள். குடி இல்லை, சீட்டு இல்லை. கோவில் யானைக்கு நாள் தவறாமல் வாழைப்பழம் வாங்கிக் கொடுப்பானாம். பக்கத்துக் கடைக்காரியிடம் கேட்டேன். "நாயகமா? அவனைக் கட்டிக்கிடப் போறவ குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். குறையே இல்லாத ஆள் உண்டா, அக்கா? இருபது வருஷத் தொழிலில் நான் பார்த்ததில்லை. குறை தெரியவில்லை என்றால் நன்றாக மறைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். ஃபைலைத் திருடுகிறவன் எதற்காகத் திருடுவான்? ஒன்று தனக்குப் பெண் பார்க்க, இல்லை வெளியே கொடுக்க. தனக்குத்தான் என்றால் நாமே கொடுத்துவிட்டுப் போகலாமே. நல்ல இடமாக நான்கு பார்த்துக்கொண்டு போனேன். ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்தோடு ஒரு பெண், தென்காசியில் ஒன்று. போட்டோக்களை மேஜையில் பரப்பினேன். மீனாவும் அங்கேதான் இருந்தாள். அன்று பார்த்து அவளுக்கு முகமே சரியில்லை. வெயிலில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை போல.

அவன் ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

"இப்ப வேண்டாம் அத்தை."

"டீச்சரு பிடிக்கலையா?"

"எல்லாரும் நல்லவங்கதான். எனக்கு வேண்டாம்."

"வயசு முப்பத்தொண்ணு ஆச்சுப்பா. இன்னும் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்க?"

பூரணம் மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கேளுங்க மதினி, நல்லாக் கேளுங்க. வாயைத் தெறந்து சொல்லட்டும்" என்றாள். அவனும் வாயைத் திறந்தான். அதற்குள் மீனா, "அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆனால் அவளுக்குத் தலைவலி. ராஜபாளையம் வந்த பிறகு, "அம்மா, அவங்களுக்கு இனிமே போட்டோ காட்டாத" என்றாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள். என் ரத்தம்.

நான் முடிவு கட்டிவிட்டேன். நல்ல நல்ல பெண்ணாகக் கொண்டுவந்து காட்டினாலும் வேண்டாம் என்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? ஃபைல்தான்.

என்ன அக்கா, சிரிக்கிறீர்களா? இருமலா? தண்ணீர் வேண்டுமா? சரி, சரி.

அவன் வயதா? சொன்னேனே, முப்பத்தொன்று. ஏன், உங்களுக்குத் தெரிந்த பெண் இருக்கிறதா? வேண்டவே வேண்டாம். அவன் யாரையும் கட்டமாட்டான். நீங்கள் வீணாக அலையாதீர்கள். என் மகளுக்கா? நல்லாக் கேட்டீர்கள். என் மகளுக்குத்தான் இன்று நான் திருநெல்வேலி போகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பையன், பாங்கில் வேலை. பதினெட்டுப் பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. அவன் தெருவில் இறங்கி விசாரிக்க வேண்டியதுதான் பாக்கி. எல்லாம் முன்கூட்டியே பார்த்துப் பூட்டிவிட்டால் பிறகு பயமில்லை.

மீனா அழுதாள். ஆமாம், நேற்று. நான் பாளையங்கோட்டை என்றதும் அழுதாள். பெண்பிள்ளை, தாய் வீட்டை விட்டுப் போக வேண்டுமே என்று அழத்தான் செய்யும். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும், கோபப்படக் கூடாது" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன சொல்வாள் என்று. "மறுபடியும் அந்த லேட் பைண்டிங்குதானே? அந்தப் பேச்சே எடுக்காத" என்று வாயை அடைத்துவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, அதேதான்" என்று போய்விட்டாள்.

மானூர் தாண்டியாகிவிட்டதா? அப்படியானால் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

இன்று எனக்கிருந்த பயம் இதுதான். நான் பாளையங்கோட்டை வரைக்கும் வந்துவிட்டால் சாயங்காலம் வரை சங்கரன்கோவில் பக்கம் என் கண் இருக்காது. சனிக்கிழமை வேறு. ஃபைலை அனுப்பாமல் விட்டால் அங்கே வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள். அனுப்பினால் அவன் கைக்குப் போகும். இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தேன். வீட்டுக்காரரைக் கேட்டால், "பேசாம தூங்கு, எல்லாம் நல்லாத்தான் நடக்குது" என்று சிரிக்கிறார். அவருக்கு எதில்தான் கவலை?

காலையில் ஒரு வழி தெரிந்தது. இனிமேல் ஃபைலை எங்கேயும் அனுப்புவதே இல்லை. பென்டிரைவிலும் இல்லை, வாட்ஸ்அப்பிலும் இல்லை. அது மீனாவின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும். சனிக்கிழமை மட்டும் போதாது, ஞாயிற்றுக்கிழமையும் அவளே நேரில் போக வேண்டும். பட்டனை அவளே அழுத்த வேண்டும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவளே திரும்ப வேண்டும். அந்த டிக் இருக்கிறதே, அதை அவள் கையைத் தவிர இன்னொரு கை தொடக் கூடாது.

இன்று நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கடையில் விட்டேன். பூரணம் மதினி கோவிலுக்குப் போக வேண்டும், சாயங்காலம்தான் வருவேன் என்றாள். நாயகம் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் துடைத்த துடைப்பைப் பார்த்ததுமே எனக்குச் சுதாரிப்பு வந்துவிட்டது. மீனாவைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டேன். அவள் காதோடு சொன்னேன்.

"அவன் எங்க போனாலும் கூடவே போ. பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. நான் வர்ற வரைக்கும் அவன் மேல வச்ச கண்ணை எடுத்துராத."

தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா" என்றாள். இதில் மட்டும் அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை, அக்கா.